72 வயது அப்பாவுக்குப் புது ஆட்டோமேட்டிக் கார்: வேகன்ஆரா, பஞ்சா, சிவிடி வண்டியா?

நொய்யல்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்குக் கார் வாங்க வேண்டும். விவரங்களை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன், ஆளாளுக்குத் திருப்பிக் கேட்க வேண்டாம்.

வயது 72, உயரம் 164 செமீ. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், இடது ரொம்ப மோசம். கழுத்து எலும்புத் தேய்மானத்தால் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க முடியாது. சர்க்கரைக்கு மாத்திரை மட்டும், இன்சுலின் இல்லை. இரு கண்ணிலும் புரை அறுவை முடிந்துவிட்டது, பார்வை நன்றாக இருக்கிறது. அம்மாவுக்கு 68, மடக்கும் வாக்கர் வைத்து நடக்கிறார். ஓட்டம் பெரும்பாலும் கோவை நகருக்குள், மாதம் ஒருமுறை பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி. வீட்டு போர்டிகோ 8 அடி அகலம். இப்போது இருப்பது 2010 மேனுவல் செடான். புதிது ஆட்டோமேட்டிக்தான், அதில் மாற்றமில்லை. ஆன்ரோடு 11 லட்சம் வரை.

அப்பாவுக்கு வேகன்ஆர் "டப்பா மாதிரி" தெரிகிறதாம். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இயன்முறை:
மாடல் பெயர் அப்புறம். முதலில் ஒரு தையல் டேப்பும் அப்பாவும் ஷோரூமுக்குப் போகட்டும். நீங்கள் மட்டும் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, உங்கள் முழங்கால் வேறு.

அவர் வழக்கமாகப் போடும் செருப்போடு நிற்கும்போது, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளங்கள். அவர் உயரத்துக்கு 42 முதல் 44 செமீ இருக்கும். கார் இருக்கையின் வெளி ஓரம், அவர் உட்கார்ந்து அமுங்கிய நிலையில், அதைவிட 10 முதல் 20 செமீ கூடுதல் உயரத்தில் இருந்தால் சரி. அதைவிடத் தாழ்ந்தால் எழும்போது மொத்த எடையும் முழங்கால் சில்லுக்குப் பின்னால் விழும். செடானில் வலி கிளம்புவது இதனால்தான். ரொம்ப உயர்ந்தாலும் ஆபத்து. ஏறும்போது ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், இறங்கும்போது பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே உடம்பு வழுக்கும். தார், ஸ்கார்ப்பியோ வகையை எல்லாம் பார்க்கவே வேண்டாம்.

அடுத்தது, கதவுக்கடியில் கால் தாண்ட வேண்டிய விளிம்பு. அதன் உயரத்தோடு அகலத்தையும் பாருங்கள். விளிம்பு அகலமாக இருந்தால் இருக்கை உள்ளே தள்ளிப் போய்விடும். உட்கார்வதற்குப் பின்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும், அதில்தான் விழுகிறார்கள். உயரம் மட்டும் சரியாக இருந்து இந்த இடத்தில் தோற்கும் வண்டிகள் நிறைய.

ஏறும் முறை: முதுகை இருக்கைக்குக் காட்டி நின்று, பின்தொடையில் இருக்கை படுவதை உணர்ந்த பிறகு உட்கார வேண்டும். தலையைக் குனிந்து உள்ளே கொண்டுபோய், இரண்டு காலையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். திறந்த கதவைப் பிடிக்கக் கூடாது, அது அசையும். கைக்கு வேறு பிடி இல்லையென்றால், கதவுப் பூட்டு மாட்டும் இரும்பு வளையத்தில் செருகுகிற கைப்பிடி ஒன்று விற்கிறார்கள், அது உதவும். துணி இருக்கையில் திரும்பக் கஷ்டமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து உட்கார்ந்து திரும்பலாம். வண்டியை எடுக்கும் முன் அதை உருவிவிட வேண்டும், பிரேக் பிடித்தால் ஆள் முன்னால் சறுக்குவார்.

பல்சக்கரம்:
கியர்பாக்ஸ் பற்றிச் சொல்கிறேன். "ஆட்டோமேட்டிக்" என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது நாலு வகை.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்சை அழுத்துவதையும் கியர் மாற்றுவதையும் ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. மாருதி இதை ஏஜிஎஸ் என்கிறது. மலிவு, மைலேஜ் குறையாது, ரிப்பேர் எளிது. குறை என்னவென்றால் கியர் மாறும்போது வண்டி ஒரு கணம் தயங்கித் தலையாட்டும். நேர்ரோட்டில் இது பழகிவிடும். ரிவர்ஸில் ஏற்றத்தில் ஏறும்போதுதான் சிக்கல். மிதித்தால் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும், இன்னும் கொஞ்சம் மிதிப்பார்கள், அப்போது கிளட்ச் பிடித்து வண்டி பாயும். பின்னால் சுவர். வயதானவர்களுக்கு ஏஎம்டி வாங்கித் தருபவர்கள் இந்த ஒரு விஷயத்தை யோசிப்பதே இல்லை.

இன்னொன்று, ஏஎம்டியில் பொதுவாக "பி" (பார்க்) கிடையாது. நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போட்டே ஆக வேண்டும்.

சிவிடி (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடுவது), டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்துவது) இரண்டும் மென்மை. தயக்கம் இல்லை, பிரேக்கை விட்டால் சீராக நகரும். இரட்டை கிளட்ச் உள்ள டிசிடி வேகமானது, ஆனால் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் சூடேறும். அப்பாவுக்கு அந்த வேகம் தேவையில்லை.

உங்கள் பட்ஜெட்டில் சிவிடி என்றால் ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஐ20 (அவர்கள் ஐவிடி என்பார்கள்), நிசான் மேக்னைட் டர்போ. டார்க் கன்வர்ட்டர் கேட்டால் ஃப்ரான்க்ஸ் டர்போ, டைசர் டர்போ. அவை பட்ஜெட்டைத் தாண்டும்.

வண்டிப்பைத்தியம்:
வேகன்ஆர் பேச்சு எப்படியும் வரப்போகிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2023 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5க்கு 1 நட்சத்திரம். 2025 முதல் ஆறு ஏர்பேக் வருகிறது, நல்லதுதான். ஆனால் ஏர்பேக் கூட்டியதால் வண்டியின் கூடு மாறிவிடாது. எழுபதைத் தாண்டியவருக்கு விலா எலும்பு எளிதில் முறியும். பஞ்ச் 2021லேயே 5 நட்சத்திரம் வாங்கியது. கதவு 90 டிகிரி திறக்கும். இயன்முறை சொன்ன ஏறி இறங்கும் கணக்குக்கும் அது பொருந்தும்.

அம்பத்தூர் ஷெட்:
பைத்தியம் அண்ணே, 90 டிகிரி கதவு சரி, அதைத் திறக்க இடம் வேணுமே? போர்டிகோ 8 அடின்னு அவரே சொல்லிட்டாரே.

கணக்குப் போடுவோம். 8 அடி = 2,438 மிமீ. இடது பக்கச் சுவரிலிருந்து 10 செமீ விட்டு நிறுத்துறார்னு வைங்க (அதுக்கும் கண்ணாடியை மடக்கணும்). வேகன்ஆர் அகலம் 1,620. வலது பக்கம் மிச்சம் 72 செமீ. இக்னிஸ் 1,690, மிச்சம் 65. எக்ஸ்டர் 1,710, மிச்சம் 63. பஞ்ச் 1,742, மிச்சம் 60. மேக்னைட் 1,758, மிச்சம் 58. ஐ20 1,775, மிச்சம் 56. முழங்கால் மடங்காதவர் திரும்பி இறங்க 65, 70 செமீ வேணும். அதுக்குக் கீழே போனா கதவை அரைகுறையா வெச்சு நெளிஞ்சுதான் வெளியே வரணும்.

முதல்ல போர்டிகோவில் தூண் எங்கே இருக்கு, சுவர் எங்கே இருக்குன்னு பாருங்க தம்பி. தூணுக்குத் தூண் நடுவில் திறந்த வெளின்னா பிரச்சினையே இல்ல. ஓட்டுநர் கதவு தூணைத் தாண்டி நிக்கிற மாதிரி தரையில் ரப்பர் வீல் ஸ்டாப்பர் ஒண்ணு போல்ட் போட்டு அடிச்சுடுங்க. தினமும் ஒரே இடத்தில் நிக்கும், முன் சுவரில் இடிக்கும் கவலையும் போச்சு.

மின்னோட்டம்:
யாரும் இவி (மின்சாரக் கார்) பற்றிப் பேசவில்லையே? கியரே இல்லை, கிளட்ச் இல்லை, தயக்கம் இல்லை, ஆயில் மாற்ற வேண்டாம். 24 கிலோவாட் அவர் பேட்டரி டியாகோ இவியை வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் இரவில் போட்டால் காலையில் தயார். நகர ஓட்டத்துக்கு அருமை. ஜிஎஸ்டி வெறும் 5 சதவீதம். பெரியவர்களுக்கு இதைவிட எளிய வண்டி கிடையாது.

பல்சக்கரம்:
பாதி ஒப்புக்கொள்கிறேன். இவியில் நகர்வு மென்மை, உண்மை. ஆனால் ரீஜென் (காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியை ஏற்றுவது) அளவை உச்சத்தில் வைத்தால் ஆக்ஸிலரேட்டரை விட்டாலே வண்டியின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். நாள் முழுக்கக் கால் ஆக்ஸிலரேட்டர் மேலேயே இருக்கும். அவசரத்தில் பிரேக்கைத் தேடும் பழக்கமே மங்கிப்போகும். வயதானவர் இவி ஓட்டினால் ரீஜெனைக் குறைந்த அளவிலும், மோடை இக்கோ அல்லது சிட்டியிலும் வைத்துவிட வேண்டும். மோட்டாரின் உடனடி இழுவைக்கும் அதுதான் கடிவாளம்.

அவருடைய செடானில் இருந்து டியாகோவுக்கு மாறினால் இருக்கை உயரத்தில் பெரிய லாபம் இல்லை. பஞ்ச் இவி பார்க்கலாம், நல்ல வேரியண்ட் பட்ஜெட்டைத் தாண்டும். எம்ஜியின் குட்டி இவியான காமெட் வேண்டவே வேண்டாம். இரண்டே கதவு. அம்மாவைப் பின்னால் உட்காரவைக்க முன் இருக்கையை மடக்கித் தள்ள வேண்டும்.

நொய்யல்கரை:
நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. போர்டிகோவில் இடது பக்கம் முழுச் சுவர், வலது பக்கம் இரண்டு தூண்கள்தான், நடுவில் தோட்டம். ஷெட் அண்ணன் சொன்ன வீல் ஸ்டாப்பர் வேலைக்காகும். அப்படியானால் அகலம் பெரிய தடை இல்லை.

எனக்குள்ள பயம் வேறு. 40 வருடம் கிளட்ச் ஓட்டியவர் இரண்டு பெடலுக்கு மாறும்போது பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டால்? செய்தியில் அடிக்கடி பார்க்கிறோம். அதோடு கழுத்துப் பிரச்சினைக்குக் கேமரா மட்டும் போதுமா?

பழைய பிரேக்:
ஓட்டுநர் பயிற்சிக் கோணத்தில் பதில் சொல்கிறேன். பெடல் மாறுவது பெரும்பாலும் நேர்ரோட்டில் நடப்பதில்லை. வண்டி நிறுத்துமிடத்தில், ரிவர்ஸ் எடுக்கும்போது நடக்கும். பின்னால் பார்ப்பதற்காக இடுப்பைத் திருப்பும்போது வலது பாதமும் கூடவே வலது பக்கம் நகர்ந்துவிடும். அப்போது நேராகக் கீழே மிதித்தால் அது ஆக்ஸிலரேட்டர். வண்டி பாய்ந்ததும் பயத்தில் "பிரேக்"கை இன்னும் பலமாக அழுத்துவார்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் எந்தப் பெடல் மேல் கால் இருக்கிறது என்பதே தெரியாது.

பழக்கம் இப்படி இருக்க வேண்டும். குதிகால் பிரேக் பெடலுக்கு நேராகத் தரையில் ஊன்றியிருக்கட்டும். ஆக்ஸிலரேட்டருக்குக் குதிகாலை ஊன்றியபடியே பாதத்தை மட்டும் சாய்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கித் தூக்கி வைப்பவர்தான் தவறவிடுவார். இடது கால், டெட் பெடல் (இடது ஓரத்தில் கால் வைக்கும் அசையாத பலகை) மீது வைத்தது வைத்தபடி. ஆட்டோமேட்டிக்கில் பிரேக் பெடல் அகலம். பழைய பழக்கத்தில் இடது கால் கிளட்ச் என்று நினைத்து அதை அமுக்கினால் நடுரோட்டில் வண்டி குத்தி நிற்கும், பின்னால் வருபவன் இடிப்பான்.

சமதரையில் ரிவர்ஸ் எடுக்க ஆக்ஸிலரேட்டரே தேவையில்லை. பிரேக்கை மெல்ல விட்டால் வண்டி தானாக ஊர்ந்து வரும். "ரிவர்ஸில் வலது கால் பிரேக்கை விட்டு வேறெங்கும் போகாது" என்ற ஒரு சட்டத்தைப் போட்டுவிடுங்கள். போர்டிகோ ஏற்றத்தில் இருந்தால் முன்பக்கமாக ஏற்றி நிறுத்தட்டும், வெளியே வரும்போது இறக்கத்தில் பிரேக்கோடு ரிவர்ஸ் வரட்டும்.

வண்டி வந்ததும் காலி மைதானத்தில் இரண்டு வாரமாவது இதே வேலை: ஊர்ந்து போய் நிறுத்து, ரிவர்ஸில் ஊர்ந்து வந்து நிறுத்து. அதுவரை பழைய மேனுவல் வண்டியைத் தொடவே கூடாது. அன்றாடம் மாறி மாறி ஓட்டினால் கால் குழம்பும்.

செருப்பு, மேட் இரண்டையும் கவனியுங்கள். பின்வார் இல்லாத செருப்பு போட்டு ஓட்டக் கூடாது. கம்பெனி மேட்டுக்கு மேல் ஒரு 7டி மேட் போடுவது நம் ஊர் வழக்கம். அதன் விளிம்பு ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் மாட்டினால் பெடல் திரும்பி வராது. ஒரே மேட், கொக்கியில் மாட்டியதாக இருக்கட்டும்.

மின்னோட்டம்:
2019 ஏப்ரலில் தோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் மோதி ஒரு தாயும் மகளும் இறந்தார்கள். அவர் ஆக்ஸிலரேட்டரைப் பிரேக் என்று நினைத்து மிதித்ததாகத்தான் நீதிமன்றம் முடிவு செய்தது. பெடல் தவறி மிதிப்பதைத் தடுக்கும் கருவியை 2028 செப்டம்பரிலிருந்து புது ஆட்டோமேட்டிக் கார்களுக்கு ஜப்பான் கட்டாயமாக்குகிறது. நாமோ பின்பக்க பார்க்கிங் சென்சாரைத்தான் 2019 ஜூலையில் கட்டாயமாக்கினோம்.

பழைய பிரேக்:
சரியாகச் சொன்னீர்கள். அந்தச் சென்சாரிலும் ஒரு பிரச்சினை உண்டு. வயதாகும்போது முதலில் குறைவது உச்சஸ்தாயி ஒலியைக் கேட்கும் திறன். சென்சாரின் "பீப்" அந்த வகை ஒலிதான். நமக்குக் காது கிழியும், அவருக்குக் கேட்கவே கேட்காது. ஷோரூமில் ஏசியும் பாட்டும் ஓடும்போது சென்சாரைச் சோதித்து, "கேட்கிறதா?" என்று அவரிடமே கேளுங்கள். சில வண்டிகளில் திரை அமைப்புகளுக்குள் போய் ஒலி அளவைக் கூட்டலாம்.

கழுத்துக்கு வருகிறேன். கேமரா ரிவர்ஸுக்கு மட்டும்தான். ஓடும்போது பக்கக் கண்ணாடிதான் கதி, அதையோ நம் ஆட்கள் பெரும்பாலும் தப்பாக வைக்கிறார்கள். கண்ணாடியில் சொந்தக் காரின் பக்கவாட்டுப் பாதி தெரிகிற மாதிரி வைத்தால் வீண். வலது கண்ணாடிக்குத் தலையை வலது ஜன்னல் பக்கம் சாய்த்து, காரின் உடம்பு மறைந்தும் மறையாத அளவுக்கு வெளியே திருப்புங்கள். இடது கண்ணாடிக்குத் தலையை இரண்டு இருக்கைக்கும் நடுவில் சாய்த்து அதே மாதிரி. நேராக உட்கார்ந்தால் காரின் பக்கமே தெரியாது, முதலில் விநோதமாக இருக்கும். ஆனால் முந்தி வரும் பைக் நடுக் கண்ணாடியிலிருந்து மறையும்போதே பக்கக் கண்ணாடியில் தோன்றிவிடும், அதிலிருந்து மறைவதற்குள் கடைக்கண்ணில் தெரியும். கழுத்தைத் திருப்பும் வேலை பாதியாகக் குறையும். மிச்சத்துக்கு இடது கண்ணாடியின் வெளி ஓரத்தில் ஒரு சிறிய குவிகண்ணாடி ஒட்டுங்கள்.

அதனால் மின்சாரத்தில் திருப்பும் பக்கக் கண்ணாடி இல்லாத வேரியண்ட் வாங்காதீர்கள். எட்டிக் கையால் திருப்ப அவரால் முடியாது.

வண்டிப்பைத்தியம்:
இதற்கெல்லாம் ஒரே தீர்வு அடாஸ், அதாவது ரோட்டைக் கவனித்து ஓட்டுநருக்கு உதவும் வசதிகள். அமேஸ் மூன்றாம் தலைமுறை 2024 டிசம்பரில் வந்தது, டாப் வேரியண்டில் அடாஸ் இருக்கிறது. தானாகப் பிரேக் போடும். சிவிடியும் உண்டு. முடிந்தது.

அம்பத்தூர் ஷெட்:
முடியல. டாப் வேரியண்ட் சிவிடி ஆன்ரோடு 11க்குள்ள வராது. அப்புறம் அமேஸ் செடான், அவர் தப்பிக்க நினைக்கிறதே செடானிலிருந்துதான்.

தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் கவனிங்க. 2023 நவம்பரிலிருந்து வண்டி விலை 5 முதல் 10 லட்சம் வரைன்னா 13 சதவீதம், 10ஐத் தாண்டினா 18. 9.90க்கும் 10.10க்கும் நடுவில் வரி மட்டுமே அரை லட்சத்துக்கு மேல் எகிறும். 11 லட்சம் ஆன்ரோடுன்னா எக்ஸ்ஷோரூம் 9.25 வாக்கில் நிறுத்திக்கணும்.

2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் ஜிஎஸ்டி 18 சதவீதம் வாங்க, 4 மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல் 1,200 சிசிக்குள்ள இன்ஜின், ரெண்டும் வேணும். பிரெஸ்ஸா நீளத்தில் பாஸ், இன்ஜின் 1.5, அதனால் 40 சதவீதம். யாராவது பிரெஸ்ஸா சொல்றதுக்கு முன்னாடி சொல்லிட்டேன்.

பழைய பிரேக்:
அடாஸ் பற்றி ஒரு வார்த்தை. அவசரப் பிரேக் உதவி நல்லது. லேன் எச்சரிக்கையை நம் ஊர்ச் சாலையில் அணைத்து வைப்பதே மேல். கோடு அழிந்த ரோட்டில் ஸ்டியரிங் கையில் இழுத்தால், எதனால் இழுக்கிறது என்று புரியாமல் பெரியவர் பதறுவார். பைக் குறுக்கே வரும்போதெல்லாம் திரையில் சிவப்பு விளக்கு அடித்தால் கண் ரோட்டைவிட்டுத் திரைக்குப் போகும்.

இயன்முறை:
கண்ணைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். புரை அறுவையில் தூரப் பார்வைக்கு லென்ஸ் வைத்திருந்தால் படிக்கத் தனிக் கண்ணாடி இருக்கும். அது 40 செமீ தூரத்துக்கு. மீட்டர் இருப்பது ஏறக்குறைய 70 செமீ தூரத்தில். பைஃபோகல் போட்டிருந்தால் கீழ்ப்பகுதி வழியாக மீட்டரைப் பார்க்கும்போது மங்கும், தாடையை உயர்த்திப் பார்ப்பார், கழுத்து வலிக்கும். பெரிய எண், அடர்த்தியான நிற வேறுபாடு உள்ள மீட்டர்தான் அவருக்குச் சரி. ஏசிக்குத் திருகும் பொத்தான் இருக்கட்டும், தொடுதிரைக்குள் புதைந்திருந்தால் ஓட்டிக்கொண்டே தேட வேண்டும். நடுக் கண்ணாடி தானாக மங்குவதாகவோ, குறைந்தது கையால் மாற்றக்கூடியதாகவோ இருக்க வேண்டும்.

ஸ்டியரிங்: மேலே கீழே மட்டும் நகர்வதா, முன்பின்னும் நகர்கிறதா என்று கேளுங்கள். மார்பெலும்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் 25 செமீ இடைவெளி வேண்டும், ஏர்பேக் விரிய அது தேவை. கால் எட்டவில்லை என்று இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டே போனால் அந்த இடைவெளி போய்விடும். இருக்கை உயரத்தை மாற்றும் வசதி கண்டிப்பாக வேண்டும்.

மருந்து: பிரகாபலின், காபாபென்டின், அல்பிரசோலம், சளிக்குக் கொடுக்கும் சில அலர்ஜி மாத்திரைகள் எல்லாம் தூக்கம் தரும். நரம்பு வலிக்காக அவற்றில் ஏதாவது ஓடுகிறதா என்று மருந்துச்சீட்டைப் பாருங்கள். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு வகை மாத்திரை என்றால் அளவு இறங்க வாய்ப்புண்டு. நெடும்பயணத்துக்கு முன் பரிசோதித்து, 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முழங்கால் மாற்று அறுவை திட்டத்தில் இருந்தால், வலது காலுக்குச் செய்த பிறகு குறைந்தது ஆறு வாரம் ஓட்ட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவை மருத்துவர் சரி சொல்ல வேண்டும்.

நொய்யல்கரை:
ஷோரூம்களுக்கு அப்பா அம்மா இருவரையும் கூட்டிப்போய் அளந்தாயிற்று. சுருக்கமாக:

வேகன்ஆர்: எதையும் பிடிக்காமல் எழுந்தார். விளிம்பு அகலம் குறைவு. அம்மாவுக்கும் பின் இருக்கை எளிது. ஆனால் ரிவர்ஸில் சிறு மேட்டில் பல்சக்கரம் சொன்ன தயக்கம் அப்படியே இருந்தது.
எக்ஸ்டர்: ஏற இறங்கக் கிட்டத்தட்ட அதே சுலபம். இதுவும் ஏஎம்டி.
பஞ்ச்: கதவு அருமை. விளிம்பு அகலமாகப் பட்டது, அம்மா ஒருமுறை தடுமாறினார்.
மேக்னைட் சிவிடி: ஏறுவது எளிது, ஓட்டமும் மென்மை. அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.
அமேஸ், ஐ20: இரண்டிலும் கதவுத் தூணைப் பிடித்துத்தான் எழுந்தார்.

ஆக மேக்னைட் சிவிடியா, வேகன்ஆர் 1.2 ஏஜிஎஸ்ஸா என்று நிற்கிறது.

பல்சக்கரம்:
சிவிடிதான். அவருடைய ஓட்டம் சிக்னல், பார்க்கிங், போர்டிகோ. மூன்றிலும் மெதுவாக ஊர வேண்டும், அதைச் சிவிடி செய்கிற மாதிரி ஏஎம்டி செய்யாது. பழனி ரோட்டில் லாரியை முந்தும்போதும் டர்போ இழுவை போதும்.

ஆனால் சிவிடி ஆயிலைக் கையேட்டில் உள்ள கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும், அதே ரகத்தில். வெளியில் யாராவது சாதாரண ஏடிஎஃப் (மற்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கியர்பாக்ஸ் போய்விடும். நிறுத்தும் வரிசையையும் சொல்லிக்கொடுங்கள்: பிரேக்கில் கால், "என்" (நியூட்ரல்), ஹேண்ட்பிரேக், காலை எடுத்து வண்டி ஹேண்ட்பிரேக்கில் நிற்பதைப் பார்த்து, மறுபடி பிரேக் மிதித்து "பி". நேராகப் "பி" போட்டுக் காலை எடுத்தால் சரிவில் முழு எடையும் உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பல்லில் தொங்கும். மறுநாள் லீவர் வர மறுக்கும், "கியர் ஜாம்" என்று போன் வரும்.

அம்பத்தூர் ஷெட்:
நான் வேகன்ஆர் பக்கம். மாருதி சர்வீஸ் எங்கேயும் இருக்கு, உடுமலையில் நின்னாலும் ஆள் வருவான். நிசான் சென்டர் குறைவு, உதிரிபாகம் வர நாளாகலாம். 72 வயசில் வழியில் நிக்கிறது சின்ன விஷயமில்ல. ரிவர்ஸ் மேடுதான் பிரச்சினைன்னா பழைய பிரேக் சொன்ன மாதிரி முன்பக்கமா ஏத்தி நிறுத்தலாம். வேகன்ஆரில் சிக்னலில் இன்ஜின் தானா அணையும், அது அவரைக் குழப்பும். ஸ்டார்ட் பண்ணதும் அந்த பட்டனை அமுக்கி அணைச்சுடணும், ஒவ்வொரு தடவையும். பேட்டரியும் இப்படி அடிக்கடி ஸ்டார்ட் ஆகுறதுக்கான தனி ரகம்தான் மாத்தணும், சாதாரணத்தைவிட விலை கூட.

அம்மாவுக்காக ஒண்ணு. 2025 டிசம்பரில் மாருதி வேகன்ஆருக்கு வெளியே திரும்பும் இருக்கை ஒண்ணு கொண்டுவந்தாங்க, முன் பயணி பக்கத்துக்கு. எல்லா ஊரிலும் இல்ல, கோவையில் கிடைக்குதான்னு டீலரிடம் கேட்டுப் பாருங்க.

வண்டிப்பைத்தியம்:
கூட்டின் பலத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஆனால் நகருக்குள் 40 கிமீ வேகத்தில் தினமும் வலியில்லாமல் ஏறி இறங்குவதும் ஒரு பாதுகாப்புதான் என்று இயன்முறை சொன்னால் மறுக்க முடியாது. என் ஓட்டு மேக்னைட்டுக்கு.

இயன்முறை:
நான் ஓட்டுப் போடவில்லை. இரண்டிலும் அரை மணி நேரம் ஓட்டவிட்டு, இறங்கி ஐந்து நிமிடம் கழித்து முழங்காலும் இடுப்பும் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இறங்கியவுடன் கேட்டால் புது வண்டி மயக்கத்தில் "ஒண்ணுமில்ல" என்பார்கள். அம்மாவின் வாக்கரை மடக்கி டிக்கியில் வைத்துப் பாருங்கள். டிக்கி வாசலின் கீழ் விளிம்பு உயரமாக இருந்தால் அதைத் தூக்கி வைக்கப்போவது அப்பாதான்.

நொய்யல்கரை:
செய்தாயிற்று. வாக்கர் இரண்டிலும் போகிறது, மேக்னைட்டில் கொஞ்சம் உயரத் தூக்க வேண்டும். அரை மணி ஓட்டத்துக்குப் பிறகு மேக்னைட்டில் வலி குறைவு என்கிறார், தொடைக்கு இருக்கை நீளமாகத் தாங்குகிறதாம். வீட்டிலிருந்து நிசான் சர்வீஸ் பக்கம்தான், விசாரித்தேன். மேக்னைட் சிவிடியை புக் செய்கிறோம். டெலிவரிக்கு முன் செய்ய வேண்டியது ஏதாவது?

அம்பத்தூர் ஷெட்:
சரி, தோத்துட்டேன். சீட் கவர் விஷயத்தில் ஏமாறாதீங்க. பக்கவாட்டு ஏர்பேக் முன் இருக்கையின் வெளி ஓரத்தில்தான் இருக்கு, சின்னதா ஒரு லேபிள் தெரியும். டீலர் ஆபரில் மாட்டுற தடிமனான ரெக்சின் கவர் அதை மூடிடும், ஏர்பேக் விரிய வழியில்லாம போயிடும். அந்த இடம் திறந்திருக்கிற, இல்ல எளிதில் கிழியிற தையல் போட்ட கவர்தான் கேட்கணும். கவர் போடாமலே விட்டா இன்னும் நல்லது, ரெக்சினில் உடம்பு சறுக்கும்.

ஸ்டெப்னி மாத்துற வேலையை அவர் செய்யப் போறதில்ல. 12 வோல்ட் காத்தடிக்கும் பம்பு ஒண்ணு, சாலையோர உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி கிளவ் பாக்ஸில். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்க. நிக்கவெச்சு இன்ஜினை மட்டும் ஓடவிட்டா பேட்டரி சரியா ஏறாது.

பழைய பிரேக்:
லைசென்ஸ் தேதியைப் பார்த்துவிடுங்கள். 55 வயதுக்கு மேல் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், படிவம் 1ஏ மருத்துவச் சான்று தேவை. காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். காலாவதியான லைசென்ஸோடு இடித்தால் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸில் பணம் வராமல் போகலாம்.

நொய்யல்கரை:
பார்த்தேன், அடுத்த மார்ச்சில் முடிகிறது. இந்த வாரமே படிவம் வாங்கிவிடுகிறேன். வீல் ஸ்டாப்பருக்கு எத்தனை மிமீ போல்ட் அண்ணா? தரை 4 அங்குலக் கான்கிரீட், மேலே டைல்ஸ்.

அம்பத்தூர் ஷெட்:
டைல்ஸ் மேல டிரில்லின் சுத்தியல் மோடைப் போடாதீங்க, விரிசல் விடும். டைல்ஸைச் செராமிக் பிட்டில் சுத்தியல் மோடு இல்லாம துளைச்சு, கான்கிரீட் வந்ததும் சுத்தியல் மோடு போடுங்க. 10 மிமீ ஆங்கர் போல்ட், கான்கிரீட்டுக்குள்ள 60 மிமீயாவது இறங்கணும், ஒரு ஸ்டாப்பருக்கு மூணு. முதல்ல அப்பாவை வண்டியில் உட்காரவெச்சு, கதவு தூணைத் தாண்டி முழுசா திறக்கிற இடத்தில் டயரைச் சாக்பீஸால் குறிச்சுக்கிட்டு அப்புறம் துளை போடுங்க.